கைக்காசு போடாமல் விளையாட்டுக் காசு சேர்க்கும் வழி



“இந்த விளையாட்டுக்குக் காசே வேண்டாம், அம்மா! சும்மாவே கிடைக்குது” என்று பிள்ளை சொல்கிறான். அம்மாவும் நம்பிக் கைப்பேசியைக் கொடுக்கிறார். சில நாள் கழித்து, முந்தாநாள் போட்ட ரீலோட் எங்கே போயிற்று என்று அப்பா தேடுகிறார். தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்கு வீடானாலும் இந்தச் சங்கடம் இன்று பொதுவாகிவிட்டது.

பிள்ளை சொன்னது பொய்யில்லை. விளையாட்டை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். ஆடவும் காசு வேண்டாம். ஆனால் ஆடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிறு கடை எதிர்ப்படுகிறது. அந்தக் கடைக்குள் நுழையாமலே ஆட முடியுமா? தாராளமாக முடியும். அதற்குப் பொறுமையும் கொஞ்சம் கணக்கறிவும் வேண்டும். அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் 6 நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென். விளையாட்டில் ஒரு விரல் அழுத்தத்தில் 20 வெள்ளி போனால், விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் நின்ற ஒருவருடைய அன்றைய கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள்.

இரண்டு விளையாட்டுகள்

உலகில் எத்தனையோ கைப்பேசி விளையாட்டுகள் உண்டு. நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, சப்வே சர்ஃபர்ஸ். டென்மார்க் நாட்டு நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து 2012-இல் வெளியிட்டது. ரயில் தண்டவாளத்தில் ஒரு பையன் ஓடுகிறான். காவல்காரரும் நாயும் துரத்துகிறார்கள். தாவியும் குனிந்தும் ஓடிக்கொண்டே வழியில் மின்னும் காசுகளைப் பொறுக்க வேண்டும். கூகுள் பிளே கடையில் 100 கோடி முறை இறக்கப்பட்ட முதல் விளையாட்டு என்ற பெயரை 2018-இல் இது பெற்றது.

மற்றொன்று, கேண்டி கிரஷ் சாகா. கிங் என்ற நிறுவனம் அதே 2012-இல் வெளியிட்டது. ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளைவிட அம்மாக்களும் அக்காமார்களும் இதில் கெட்டிக்காரர்கள்.

இலவசமாகக் கொடுத்துவிட்டு இந்த நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? கிங் நிறுவனம் 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் கணக்கை வெளியிட்டது. அப்போது மாதந்தோறும் அதன் விளையாட்டுகளை ஆடியவர்களில் காசு கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர்தாம். அந்த நிறுவனத்தை 2016-இல் இன்னொரு பெரிய நிறுவனம் 590 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது! நாலு பேருடைய பணமே இவ்வளவு பெரிய வியாபாரமாக நிற்கிறது என்றால், அந்த நாலு பேரில் ஒருவராக உங்களை ஆக்குவதற்கு எவ்வளவு பாடுபடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதே சமயம், மீதி 96 பேர் ஒரு சென்கூடக் கொடுக்காமல் ஆடினார்கள் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நாம் அந்த 96 பேரோடு இருப்போம்.

சில்லறையும் பெருங்காசும்

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் இரண்டு தரமான செல்வம் உண்டு. ஒன்று தாராளமாகக் கிடைப்பது; மற்றது அரிதாகக் கிடைப்பது. சப்வே சர்ஃபர்ஸில் வழியெங்கும் சிதறிக் கிடக்கும் காசு தாராளமானது, சாவி அரிதானது. கேண்டி கிரஷில் தங்கக் கட்டி அரிதானது.

அரிதானதை அரிதாகவே வைத்திருப்பது தற்செயல் அல்ல. தோற்றுப் போகிற அந்த நொடியில், “சாவி கொடுத்தால் மறுபடியும் ஓடலாம்”, “தங்கக் கட்டி கொடுத்தால் இன்னும் 5 நகர்த்தல் தருகிறோம்” என்று திரை கேட்கும். கையில் இருந்தால் கொடுத்துவிடத் தோன்றும். தீர்ந்ததும் கடைக்கதவு திறக்கும். ஆகவே, காசு போடாமல் ஆட நினைப்பவருக்கு முதல் விதி இதுதான்: சில்லறையைச் சம்பாதிக்கக் கற்றுக்கொள், பெருங்காசைச் செலவழிக்காமலிருக்கக் கற்றுக்கொள்.

ஓடுகிற பையனுக்குச் சில யோசனைகள்

தம்பி, தங்கைகளே! இனி உங்களுக்கு.

முதலாவது, பலகைக் கணக்கு. சப்வே சர்ஃபர்ஸில் மிதக்கும் பலகை ஒன்றின் விலை நெடுநாளாக 300 காசு. அது 30 விநாடி நிற்கும். அதற்குள் ஒருமுறை மோதினாலும் காப்பாற்றும். ஓர் ஓட்டத்தில் இரண்டு பலகை பயன்படுத்தி 400 காசு பொறுக்கினால் உங்கள் வரவு என்ன? 400 வரவு, 600 செலவு. 200 காசு நஷ்டம்! ஓடி ஓடிக் களைத்தும் கடன்தான். காசு சேர்க்கும் நாளில் பலகையைத் தொடாதீர்கள். புள்ளியில் சாதனை செய்ய வேண்டும் என்று ஒரு நாள் வைத்துக்கொண்டு அன்றைக்கு மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, சாவிக் கணக்கு. மோதி விழுந்தபின் எழுந்து ஓட முதல்முறை 1 சாவி கேட்கும். அதே ஓட்டத்தில் மறுபடி விழுந்தால் 2 சாவி. பிறகு 4, பிறகு 8. நாலு தடவை எழுந்தால் மொத்தம் 15 சாவி போயிற்று. ஐந்தாவது தடவைக்கு 16 வேண்டும், ஆக 31. பல நாள் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒரே ஓட்டத்தில் கரைந்துவிடும். முதல்முறை விழுந்ததும் “சரி, அடுத்த ஓட்டம்” என்று எழுந்து போகிறவன்தான் சாவி சேர்க்கிறவன்.

மூன்றாவது, கருவியை முதலில் தீட்டுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் மரம் எத்தனை வெட்டினாலும் பால் குறைவுதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். விளையாட்டிலும் அப்படியே. வழியில் கிடைக்கும் காந்தம் பக்கத்துத் தடங்களில் உள்ள காசையும் இழுத்துக் கொடுக்கும். முதுகில் மாட்டும் பறக்கும் பொறி, இடைஞ்சல் இல்லாத ஆகாயத்தில் வரிசையாகக் காசு தரும். சேர்த்த காசைக் கொண்டு இவ்விரண்டும் நீடிக்கும் நேரத்தை முதலில் கூட்டுங்கள். புதுச் சட்டையும் புது ஆளும் பிறகு வாங்கலாம். சட்டை காசு தேடித் தராது, காந்தம் தரும்.

நான்காவது, அன்றன்றைய பரிசைத் தவறவிடாதீர்கள். நாள்தோறும் ஒரு சிறு வேட்டை இருக்கும். அதை விடாமல் அடுத்தடுத்த நாட்களில் முடித்தால் பரிசு கூடும். அதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு நாள் மூன்று மணி நேரம் ஆடுவதைவிட, தினமும் சிறிது நேரம் ஆடுகிறவனுக்கே லாபம் அதிகம். வீட்டுப் பாடத்துக்கும் இடைஞ்சல் இல்லை. வழியில் அகப்படும் புதிர்ப் பெட்டிகளிலிருந்தும் சில சமயம் சாவி கிடைக்கும்.

ஐந்தாவது, பணி முடிப்பது. “இத்தனை தடவை தாவு, இத்தனை காசு பொறுக்கு” என்று விளையாட்டு மூன்று மூன்றாக வேலை கொடுக்கும். மூன்றையும் முடித்தால் புள்ளிப் பெருக்கம் ஒரு படி ஏறும். கடினமான வேலையைக் காசு கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று ஆசை காட்டினால் இணங்காதீர்கள். இன்று முடியாதது நாளை முடியும்.

மிட்டாய் சேர்ப்பவர்களுக்கு

கேண்டி கிரஷில் உங்களுக்கு 5 உயிர் உண்டு. ஓர் ஆட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் குறையும், வென்றால் குறையாது. குறைந்த உயிர் 30 நிமிடத்துக்கு ஒன்றாகத் தானே திரும்பி வரும். ஐந்தும் தீர்ந்தால், மறுபடி நிறைய இரண்டரை மணி நேரம். ஐந்து நிறைந்த பிறகு கூடுதலாகச் சேராது.

இதைத் தண்டனை என்று எண்ணாமல் ஓய்வு மணி என்று எண்ணுங்கள். சாயங்காலம் 5 உயிர், அத்தோடு சரி என்று வைத்தால், மறுநாள் எழுந்திருக்கும்போது ஐந்தும் காத்திருக்கும். உயிரைக் காசு கொடுத்து வாங்குவது, கிணற்றில் தானாக ஊறி வரும் தண்ணீரை விலைக்கு வாங்குவது போலத்தான். நண்பர்களும் உயிர் அனுப்பலாம், அதற்கும் செலவில்லை.

இன்னொன்று. ஆட்டத்தைத் திறந்ததும் உடனே கையை வைக்காதீர்கள். மிட்டாய்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள். மோசமாக இருந்தால், ஒரு நகர்த்தல்கூடச் செய்யாமல் வெளியேறிவிட்டால் உயிர் போகாது. மறுபடி திறந்தால் வேறு வரிசை கிடைக்கும். நாளுக்கு ஒருமுறை சுழலும் இலவசச் சக்கரத்தைச் சுற்றி, அதில் வரும் உதவிப் பொருளைச் சேர்த்து வையுங்கள். பல நாள் வெல்ல முடியாத கட்டத்துக்கு மட்டும் எடுங்கள். தங்கக் கட்டி போட்டிகளில் பரிசாக எப்போதாவதுதான் வரும். அதை 5 நகர்த்தலுக்காகக் கொடுத்துவிடாதீர்கள். 5 நகர்த்தல் கிடைத்தாலும் வெற்றி நிச்சயமில்லை; போன கட்டி போனதுதான்.

அந்த விளையாட்டில் ஓர் உண்டியலும் உண்டு. நீங்கள் ஆட ஆட அதில் தங்கக் கட்டி விழுந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் உண்டியலை உடைக்க உண்மைப் பணம் கட்ட வேண்டும்! நம் வீட்டு மண் உண்டியலை நாமே உடைக்கிறோம். யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. “என் உழைப்பில் நிறைந்தது, விட்டுவிட மனமில்லையே” என்று உங்களை நினைக்க வைப்பதற்காகவே அந்த உண்டியல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நிறைந்தால் நிறையட்டும், பார்த்துவிட்டுப் போங்கள்.

விளம்பரம் என்ற மூன்றாவது விலை

“இந்த விளம்பரத்தைப் பார், பரிசு தருகிறேன்” என்று விளையாட்டு கேட்கும். கையில் காசில்லாதவருக்கு இது நேர்மையான வழிதான். ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரு விளம்பரம் அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இருபது பார்த்தால் 10 நிமிடம் போயிற்று, டேட்டாவும் போயிற்று. நாளுக்கு மூன்று அல்லது நான்கு என்று ஓர் அளவு வையுங்கள். சாவி போன்ற அரிய பொருள் கிடைக்கும் விளம்பரத்தை மட்டும் பாருங்கள். சில்லறைக் காசுக்காகப் பார்க்க வேண்டாம். அதை ஓடியே சம்பாதிக்கலாம்.

சப்வே சர்ஃபர்ஸ் இணையம் இல்லாமலும் ஓடும். டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் விளம்பரமும் வராது, கடையில் வாங்கவும் முடியாது. சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பூட்டு வேறில்லை.

தோட்டக் காசும் விளையாட்டுக் காசும்

வைரம், தங்கக் கட்டி, சாவி என்று ஏன் பெயர் மாற்றி விற்கிறார்கள்? “5 வெள்ளி கொடு” என்றால் நாம் யோசிப்போம். “10 கட்டி கொடு” என்றால் யோசிக்க மாட்டோம். வெள்ளியைக் கட்டியாக மாற்றலாம். கட்டியை மறுபடி வெள்ளியாக மாற்ற முடியாது.

தோட்ட மக்களுடைய வரலாற்றிலே இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டச்சுக்காரர் ஆண்ட சுமத்திராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்கள் தத்தம் பெயரில் காசு வில்லைகள் அடித்துக் கூலியாகக் கொடுத்தன. அந்த வில்லை அந்தத் தோட்டத்துக் கடையில்தான் செல்லும், வெளியே செல்லாது. அந்த வட்டாரத்தில் வேலை செய்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில், தொழிலாளிக்குக் கூலியை நாட்டு நாணயத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 1831-லேயே சட்டம் போட்டார்கள். ஒரே கடையில் மட்டும் செல்லுகிற காசு, அதை வைத்திருப்பவனைவிடக் கடைக்காரனுக்கே நன்மை என்று அன்றே அறிந்திருந்தார்கள். அன்றைய தொழிலாளிக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

பெரிய நாடுகளிலும் பெற்றோர் ஏமாந்திருக்கிறார்கள். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் விளையாட்டுக்குள் வாங்கியதற்காக, 2014-இல் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் திருப்பித் தர இணங்கியது. ஃபோர்ட்நைட் விளையாட்டின் சொந்தக்காரரான எபிக் கேம்ஸ், 2022-இல் 24 கோடியே 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு பொத்தான் தவறி அழுந்தினாலும் பணம் போகும்படி திரையை அமைத்திருந்தார்கள் என்பது அதன்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே இப்படியென்றால், பிள்ளை ஒருவனை மட்டும் திட்டிப் பயனில்லை என்று தெரிகிறதல்லவா?

குறுக்கு வழி வேண்டாம்

“பெயரைக் கொடு, பத்தாயிரம் வைரம் இலவசம்” என்று சொல்லும் இடங்கள் உண்டு. வைரம் வராது, உங்கள் கடவுச்சொல் போகும். எல்லாம் திறந்துவிடப்பட்ட விளையாட்டு என்று சொல்லி ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்புவார்கள். அதிகாரபூர்வக் கடைக்கு வெளியே வரும் கோப்பைக் கைப்பேசியில் ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட கோப்புகளின் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடு போகிறது என்று நம் நாட்டுக் காவல் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்பாவின் சம்பளம் வந்து சேரும் அதே கைப்பேசியில்தான் பிள்ளை ஆடுகிறான் என்பதை மறக்க வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் சற்றும் தாமதிக்காமல் வங்கிக்கும், தேசிய மோசடி பதில் மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன் சில காரியங்கள் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் பெரிய பிள்ளையையோ பள்ளி ஆசிரியரையோ கேளுங்கள், இதில் வெட்கமில்லை.

பிளே கடையின் அமைப்புகளில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில், திரைநேரம் என்ற பகுதியில் விளையாட்டுக்குள் வாங்குவதையே தடுத்துவிடலாம். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்கக் கூடாது! ரீலோட் தொகையோ, மின்பணப்பையோ, வங்கி அட்டையோ அந்தக் கடையோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைக்கப்பட்டிருந்தால், தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். எடுக்கப் பணமே இல்லாத இடத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் போகாது.

தவறிப்போய்ப் பிள்ளை வாங்கிவிட்டால், அடிக்கும் முன் ரசீதைத் தேடுங்கள். கூகுள் பிளே கடையில் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அடிக்குப் பயந்து பிள்ளை இரண்டு நாள் மறைத்தால் அந்த அவகாசம் வீணாகிவிடும். “என்ன நடந்தாலும் உடனே என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது வெள்ளி கணக்கிலும் லாபம்.

கடைசியாக ஒரு யோசனை. மளிகைக் கடையில் பற்று எழுதும் 555 புத்தகம் எல்லாருக்கும் தெரியும். அதைப்போல ஒன்றை வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று கோடு போடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பொறுக்கிய காசு எவ்வளவு, பலகைக்கும் சாவிக்கும் போனது எவ்வளவு, மீதி எவ்வளவு, ஆடிய நேரம் எத்தனை நிமிடம் என்று தினமும் எழுதட்டும். கணக்குப் பாடத்தில் கூட்டல் கழித்தலுக்கு முகம் சுளிக்கும் பிள்ளைகளும் தங்கள் சொந்தக் காசுக் கணக்கை ஆவலாக எழுதுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். எதில் காசு கரைகிறது என்று அவர்களே கண்டுபிடித்து, அவர்களே நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். விளையாட்டுக் காசை அளந்து செலவழிக்கப் பழகிய பிள்ளை, நாளை முதல் சம்பளம் கைக்கு வரும்போது தடுமாற மாட்டான். இன்று சாயங்காலமே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டுத் தொடங்கி வையுங்கள்.